குசினி லைற் எரியும் படம்

அன்பு மகன்,

நேற்று நீ தொலைபேசியில் கேட்டபோது, "ஓம், வடிவாயிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். கலியாண மண்டபத்தில் நீங்கள் இருவரும் இருக்கப்போகும் மேடைக்குப் பின்னால், சுவர் முழுவதும், நான் எடுத்த அந்தத் துருவ ஒளிப் படத்தைப் பெரிதாக்கிப் போடப்போகிறோம் என்றாய். "அப்பா எடுத்த படம் எண்டு மைக்கில சொல்லுவம்" என்றபோது உன் குரல் துள்ளியது. பின்னால் நின்று மருமகளும், "மாமா, மேடை முழுக்கச் சிவப்பு. நான் அதுக்கு ஏத்த மாதிரிச் சாறியும் எடுத்திட்டன்" என்றாள். முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். தொலைபேசியிலும் வராது. எழுதினால் வரும், அதுவும் இரண்டு மூன்று தரம் வெட்டித் திருத்திய பிறகு. திங்கட்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்கவேண்டும் என்றாய். அதனால்தான் இன்றைக்கே இருந்து எழுதுகிறேன்.

சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் அங்கே இருந்தால் அம்மா மண்டபத்துக்குள் வரமாட்டாள். வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நீ அனுப்பிய மேடை மாதிரிப் படத்தைக் கைபேசியில் பார்த்தாள், கைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். பிறகு பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே, "நான் பின்னுக்குச் சமையல் ஆக்களோட நிக்கிறன். ஆரும் தேடமாட்டினம்" என்றாள். மாப்பிள்ளையின் தாயை யாரும் தேடமாட்டார்களாம். சின்ன வயதில் நீ பிடிவாதம் பிடித்தால் சத்தம் போடுவாய். அம்மா பிடிவாதம் பிடித்தால் இப்படித்தான், மெதுவாக, மற்றவர்களுக்கு வசதி செய்துகொடுப்பதுபோலச் சொல்வாள்.

அந்த மே மாத இரவைப் பற்றி உனக்கு நான் அரைவாசிதான் சொன்னேன். "அம்மா கொஞ்சம் பயந்துபோனா" என்றேன், நீயும் சிரித்தாய். சிரிக்கக்கூடிய மாதிரித்தான் நானும் சொல்லியிருந்தேன். மிச்ச அரைவாசியை இப்போது சொல்கிறேன், ஆறுதலாக வாசி.

அன்றைக்கு நீதான் அழைத்தாய். "அப்பா, படுத்திட்டீங்களோ? எழும்பி வெளியில போங்கோ. பெரிய சூரியப்புயலாம், பீலெஃபெல்ட்டிலயும் தெரியுதாம். என்ரை பழைய கமரா அங்கதானே கிடக்கு?" சூரியனில் ஒரு வெடிப்பு நடக்கிறது. அதன் துகள்கள் ஒன்றிரண்டு நாள் பயணம் செய்து பூமியின் காந்தப்புலத்துக்குள் வந்து விழுகின்றன. மிக உயரத்தில் ஒட்சிசன் சிவப்பாக ஒளிர்கிறது. இதை ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கரும்பலகையில் கீறிப் படிப்பித்தவன் நான். இங்கே ஜெர்மனிக்கு வந்து ஆணித் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் வேலையில் கிடந்தபோது அதெல்லாம் யாரோ வேறு மனிதன் படிப்பித்ததுபோல ஆகிவிட்டிருந்தது. உன் குரலைக் கேட்டதும் எழும்பிக் கமராவைத் தேடி எடுத்தேன். அம்மா முழங்கால் நோவுக்கு மாத்திரை போட்டு அப்போதுதான் நித்திரையாகியிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினேன்.

எங்கள் கட்டடத்துக்குத் தெற்கே எண்ணெய்க்கு விதைக்கும் ராப்ஸ் வயல் இருக்கிறதல்லவா, மஞ்சள் பூ முழங்காலுக்கு மேல் நிற்கும் காலம். அங்கே வடக்கைப் பார்த்து முக்காலியை ஊன்றினேன். கட்டடத்தின் முதுகும் நம்முடைய குசினி யன்னலும் படத்தின் அடியில் விழட்டும், வானத்தின் அளவு தெரிய ஒரு பொருள் வேண்டும் என்று நினைத்தேன். நீ எப்போதோ காட்டித்தந்தபடி ஒரு நட்சத்திரம் சரியான புள்ளியாகும்வரை வில்லையைத் திருப்பினேன். கை பட்டால் கமரா ஆடும் என்பதால், பொத்தானை அமத்திவிட்டு விலகி நிற்கும்படி தானியங்கியில் வைத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கமராவின் கதவு பத்துச் செக்கன் அளவில் திறந்து நிற்கும். வானத்தின் ஓரத்துச் சிவப்பை முதலில் நகரத்து வெளிச்சம் என்றுதான் நினைத்தேன். பிறகு அது கூரைக்கு மேலே ஏறியது. தூண் தூணாக, ரத்தமும் பாலும் கலந்த ஒரு நிறம். கமராவின் சிறு திரையில் அது இன்னும் கடும் சிவப்பாக விழுந்தது. கண் பார்ப்பதைவிடக் கமரா கூடப் பார்க்கும், அது வெளிச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

என்னை உலுக்கியது அதன் மௌனம். அந்த அளவு சிவப்புக்கு ஒரு சத்தம் வரவேண்டும் என்று என் உடம்பு காத்திருந்தது. ஊரில் ஷெல் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் எண்ணிப் பழகிய உடம்பு. எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பதை எவ்வளவோ நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அதற்குப் பிறகு எனக்கே வெட்கமாகி, தனியே சிரித்துவிட்டு, அடுத்த படத்தை எடுத்தேன்.

திரும்பி வந்தபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு வெளிச்சமும் இல்லை. சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் எந்நாளும் இருக்கும் மண்ணிறப் பை இல்லை. கடவுச்சீட்டுகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இரண்டு உடுப்பும் பிஸ்கற்றும் வைத்து அம்மா கட்டிவைத்திருக்கும் அந்தப் பை. "அம்மாவின்ரை எயார்போட் பாக்" என்று நீ பகிடி பண்ணுவாயே, அதுதான். அறை அறையாகக் கூப்பிட்டேன். மாடிப்படியில் கூப்பிட்டேன். கடைசியில் நிலத்தடிக் கெல்லருக்குப் போகும் இரும்புக் கதவுக்குக் கீழே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது.

உள்ளே இரண்டு பேர். அம்மா பழைய சைக்கிள்களுக்கு நடுவில் ஒரு பெட்டியின்மேல் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் மேல்வீட்டு ஹில்டெ அம்மா, இரவு உடுப்புக்கு மேல் கோட்டு, கையில் ஒரு டோச் லைற், தோளில் கோவிலுக்குப் போவதுபோலக் கைப்பை. நான் கதவைத் தள்ளாமல் நின்றுவிட்டேன். ஏனென்றால் அம்மா பேசிக்கொண்டிருந்தாள், ஜெர்மனில். அவளுடைய ஜெர்மன் உனக்குத் தெரியும், வினைச்சொல் இல்லாத ஜெர்மன். "என்ரை தம்பி. வெளிச்சம். வடிவு. வெளியில. திரும்ப இல்லை." அவ்வளவுதான். ஹில்டெ அம்மா, "எத்தனை வயது?" என்று கேட்டா. அம்மா விரல்களால் காட்டினாள்.

உனக்கு ஒரு மாமா இருந்தான், ஷெல்லில் போனவன், அவனுடைய பெயரைத்தான் உனக்கு வைத்தோம். நீ அறிந்தது அவ்வளவு. நானும் அறிந்தது அவ்வளவுதான், மகன். அம்மா இங்கே என்னைக் கலியாணம் கட்ட வந்தபோது அதை ஒரே வசனத்தில் சொன்னாள். நானும் மேலே கேட்கவில்லை. கேட்டால் நோகும் என்று நினைத்தேன். இத்தனை வருடம் என்னோடு தமிழில் வாழ்ந்தவள், அந்தக் கதையை ஹில்டெ அம்மாவுக்கு ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தாள். சொற்கள் குறைவாக இருந்ததால்தான் சொல்ல முடிந்ததோ, தெரியாது.

பிறகு எனக்கும் சொன்னாள். பரா லைற் என்று ஒன்று விடுவார்கள். குடை விரித்தபடி வானத்தில் தொங்கிக்கொண்டு, ஊரைப் பகலாக்கி, மெல்ல மெல்ல இறங்கும் வெளிச்சக் குண்டு. அது வந்தால் விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் பங்கருக்குள் போய்விடவேண்டும். பிறகுதான் ஷெல் வரும். அன்றைக்கு அம்மா தம்பியின் சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே இருந்தாளாம். அவன், "அக்கா, இண்டைக்கு மூண்டு விட்டிருக்கிறாங்கள். வடிவாயிருக்கு. பாத்திட்டு இந்தா வாறன்" என்றானாம். "விசர்க் கதை கதையாதை" என்று இவள் சொல்லி முடிக்குமுன்னரே சேட்டு கையைவிட்டுப் போய்விட்டது. இவள் வெளியே வந்தபோது வெளிச்சம் அணைந்திருந்தது. அதை இவள் பார்க்கவேயில்லை.

இப்போது யோசித்துப்பார். படுக்கையறைத் திரையில் சிவப்பு. பக்கத்தில் ஆள் இல்லை. எழும்பிக் குசினிக்கு வந்து லைற்றைப் போட்டு என்னைத் தேடியிருக்கிறாள். யன்னலைத் திறந்து வெளியில் கூப்பிட்டிருக்கிறாள். நான் வயலின் அந்தப் பக்கம், காதில் விழவில்லை. பிறகு ஊரில் செய்ததையே செய்தாள். எல்லா வெளிச்சத்தையும் அணைத்தாள், பையை எடுத்தாள், மேல்வீட்டுக் கதவைத் தட்டி, "எழும்புங்கோ, வானம் எரியுது, கீழ போவம்" என்றாள், முழுக்கத் தமிழில். நான் கெல்லருக்குள் போனதும் ஹில்டெ அம்மா என்னைப் பிடித்துக்கொண்டா. "எங்கே போனீர்கள்? கமராவோடா? உங்களுக்கு மூளை இருக்கிறதா?" நான் தலையைக் குனிந்துகொண்டு, அது போலார்லிஷ்ட், துருவ ஒளி, ஆபத்தில்லாதது என்று விளக்கத் தொடங்கினேன். "தெரியும்," என்றா. "பேத்தி முதலே கைபேசியில் படம் அனுப்பிவிட்டாள்." "அப்ப ஏன் இறங்கி வந்தீர்கள்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியே அவவுக்குப் பிடிக்கவில்லை. "போரில் இந்த நகரம் எரிந்தபோது நான் சின்னப்பிள்ளை. இதே நிறம்தான். இவளுக்குக் கீழே போகவேண்டியிருந்தது. தனியே அனுப்புவதா?" என்றா. பிறகு அம்மாவின் பைக்குள் எட்டிப்பார்த்து, "அடுத்த முறை பிஸ்கற் கொஞ்சம் நல்லதாக வையுங்கள்" என்றா. அம்மா அப்போதுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள்.

வருடக் கடைசிச் சில்வெஸ்டர் இரவுகள் உனக்கு நினைவிருக்கும். மற்றப் பிள்ளைகள் தெருவில் வாணம் விட, நீயும் அம்மாவும் யன்னல் இல்லாத குளியலறைக்குள் கரம்போட்டோடு இருப்பீர்கள். குளியல் தொட்டிக்கு மேல் பலகையை வைத்து விளையாடுவீர்கள். தொலைக்காட்சியை உச்சச் சத்தத்தில் நான் வைத்துவிடுவேன். பதின்ம வயதில் ஒருமுறை நீ கத்தினாய், "உங்கட சண்டை முடிஞ்சுது! இது வாணம்!" என்று. அம்மா, "தெரியும், ராசா. சிவப்புக் காயைப் போடு" என்றாள். அவளுக்கு எப்போதும் தெரியும். சூரியனில் வெடிப்பது அங்கே முடிந்துபோன பிறகுதான் இங்கே வந்து சேருகிறது. முடிந்துவிட்டது என்று அதற்குப் போய்ச் சொல்லித் திருப்பி அனுப்ப ஏலாது.

அந்தப் படத்தைப் பற்றி இன்னொன்று. நான் எடுத்த படங்களை மறுநாள் வரிசையாகப் பார்த்தேன். ஒரே இடம், ஒரே அளவு, ஒரே வானம். ஒரு படத்தில் குசினி யன்னல் மஞ்சளாக எரிகிறது. அடுத்ததில் இருட்டு. அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் இருட்டு. அந்த இருட்டுப் படங்களில்தான் வானம் ஆக அழகாக இருந்தது, அதில் ஒன்றைத்தான் உனக்கு அனுப்பினேன். நீயும் மருமகளும் அதைத்தான் தெரிவுசெய்தீர்கள். கீழே கறுப்பாக நிற்கும் அந்தக் கட்டடத்தின் அடியில், அந்தப் பத்துச் செக்கனுக்குள்ளும், அம்மா என்னையும் போய்விட்டவன் என்று கணக்குப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஆகவே கேட்கிறேன். அந்தப் படத்தை எடுத்துவிடு. பூவோ, திரைச்சீலையோ, வெறும் சுவரோ இருக்கட்டும். மருமகளுக்கு நான் நேரில் சொல்கிறேன், முடிந்தால். கலியாணம் கட்டப்போகிறவனுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதோ என்று எப்போதும் சந்தேகம், ஆனால் ஒன்றை மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வானத்தில் எது நடந்தாலும், நித்திரையில் கிடக்கிறவளை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போ. அவள் திட்டினாலும் காரியமில்லை. அவளிடம் கேட்டால் நோகும் என்று நினைக்கிற கேள்விகளையும் கேட்டுவிடு. நோகட்டும்.

இதுவரை வியாழக்கிழமை எழுதினேன். ஒரு தரம் திருத்திவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். நேற்று இரவு வேறொன்று நடந்துவிட்டது. மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

இன்னொரு சூரியப்புயல் வருகிறது என்று செய்தியில் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. படுக்கையறைத் திரையை இழுத்து, ஓரத்தில் ஊசி குத்திவைத்தேன். இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா தட்டைப் பார்த்தபடியே, "இண்டைக்கும் வருதாமே. ஹில்டெ அம்மா சொன்னவ" என்றாள்.

"ஓம், சொல்லுகினம்."

"நீங்கள் போகேல்லையோ?"

"இல்லை. குளிர்."

"குளிராம். கமராவுக்கு மத்தியானமே சார்ஜ் ஏத்தி வச்சிருக்கிறியள்."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, "நானும் வாறன்" என்றாள். "இஞ்சரும், தேவையில்லை" என்றேன். "தேவையோ இல்லையோ எண்டு நான் கேக்கேல்லை. சப்பாத்தைப் போடுங்கோ."

மண்ணிறப் பையையும் எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தமுன், பழக்கத்தில் நான் குசினி லைற்றை அணைக்கப் போனேன். "விடுங்கோ, எரியட்டும்" என்றாள். படியிறங்குமுன் மேலே ஏறி மேல்வீட்டுக் கதவையும் தட்டி, இந்தமுறை ஜெர்மனில், "வெளியில. பார்க்க. பயம் இல்லை" என்று அறிவித்தாள். உள்ளேயிருந்து, "எனக்குக் கால் குளிரும், நீங்கள் போங்கள்!" என்று குரல் வந்தது.

வயல் அறுவடையாகி வெறுமையாகக் கிடந்தது. அவள் என் கோட்டின் கையைப் பிடித்தபடி, நிலத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் முக்காலியை ஊன்றி முடிக்கும்வரை நிமிரவில்லை. இந்தமுறை சிவப்பு மெல்லியது, கூரைக்குமேல் ஒரு மூச்சுப்போல நின்றது. நான் பக்கத்தில் நின்றேன். அவளாக நிமிர்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கமராவைப் பார்த்தேன்.

"சத்தம் வராதோ?" என்று கேட்டாள்.

"வராது."

"கடைசிவரைக்கும்?"

"கடைசிவரைக்கும்."

அவள் இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு, "ஓமடா, வடிவாத்தான் இருக்கு" என்றாள். என்னை அவள் ஒருநாளும் டா போட்டதில்லை.

தன்னை வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னதும் அவள்தான். வயலுக்குள் கொஞ்சத்தூரம் போய், பையோடு, வானத்தைப் பார்த்து நின்றாள். கமராவின் கதவு மூடும்வரை அசையக்கூடாது என்று சொன்னேன். பிறகு வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் இருந்து பார்த்தோம். வானம் நன்றாக விழுந்திருந்தது. யன்னல் எரிந்தது. நடுவில், நிழல்போல, நட்சத்திரங்கள் மெல்லியதாக ஊடே தெரிய, இரண்டு பேர் நின்றார்கள்.

"பக்கத்தில ஆர்?" என்றாள்.

"நீர்தான். பாதியில ஒரு அடி அசைஞ்சிட்டீர். அரைவாசி நேரம் இங்க, அரைவாசி நேரம் அங்க. அதுதான் இரண்டும் கண்ணாடி மாதிரி."

"நான் அசையேல்லை. மூச்சையும் பிடிச்சுக்கொண்டெல்லோ நிண்டனான்."

நான் விளக்கத் தொடங்கினேன். தொடங்கியதும் எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவர் கையில் பை இருக்கிறது, மற்றவர் கையில் இருக்கிறதோ என்று தெரியவில்லை. ஒருவர் கொஞ்சம் உயரம். வயல் அந்த இடத்தில் மேடாக இருக்கலாம். காலையில் போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்தாள். "சரி. நானெண்டே இருக்கட்டும்" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள்: "அந்தப் படத்தில வீடு ஆளில்லாத மாதிரிக் கிடக்கு. இதில லைற் எரியுது. எங்கட தம்பியிட்டைச் சொல்லுங்கோ, இதைப் போடட்டும். நான் முன் கதிரையில இருக்கிறன்."

அதனால் மேலே நான் கேட்டதை மாற்றிக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தோடு அந்தப் படத்தை அனுப்புகிறேன். சிவப்புக் குறைவு, மருமகளின் சாறிக்கு அவ்வளவு பொருந்தாது, கோபிக்கவேண்டாம் என்று சொல்லு. அச்சுக்காரர் அந்த இரட்டை நிழலைப் பிழை என்று நினைத்து அழிக்கப் பார்ப்பார். அழிக்கவேண்டாம் என்று முதலே சொல்லிவை. என்னுடைய பெயரையும் மைக்கில் சொல்லவேண்டாம், எனக்குக் கூச்சம்.

மண்டபத்தில் யாராவது பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டால், அம்மாதான், அசைந்துவிட்டா என்று சொல்லு.

அப்பா